ஞாயிற்றுக்கிழமை டியூட்டியும் குறித்துக் கொடுத்த நேரமும்

குருதிக்கூடம் | ஞாயிறு, இரவு 9:50

இன்றைக்கு நடந்ததை எங்காவது எழுதிவைக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் 19 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே ஆள்தான். காலை ஏழே முக்காலுக்குப் போய் முதலில் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இன்று 4 டிகிரி. 2க்கும் 6க்கும் நடுவில் இருந்தால் சரி. பிளேட்லெட் பைகள் தனிப் பெட்டியில், 22 டிகிரியில், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஆன்டி ஏ, ஆன்டி பி மருந்துகளை, குரூப் ஏற்கெனவே தெரிந்த செல்களோடு சேர்த்துச் சரிபார்ப்பது. நீல நிற ஆன்டி ஏ, ஏ செல்லைக் கட்டிகட்டியாகத் திரளவைக்க வேண்டும், மஞ்சள் நிற ஆன்டி பி, பி செல்லைத் திரளவைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒருநாளும் ஒரு பை ரத்தம் என் கையிலிருந்து போனதில்லை. அந்த ஃப்ரிட்ஜின் கதவில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் இருக்கிறது. வைத்தது நான்தான்.

ஒன்பதே முக்கால் இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மடித்த தினக்காலண்டர் தாள், ஒரு பெரியவர் வந்து நின்றார். மருமகளுக்கு சிசேரியன். செவ்வாய்க்கிழமை செய்வதாக இருந்ததை நட்சத்திரம் பார்த்து இன்றைக்கு மாற்றியிருக்கிறார்கள். 39 வாரம் முடிந்துவிட்டதால் டாக்டரும் சரி என்றிருக்கிறார். ஆனால் இது இரண்டாவது சிசேரியன், நஞ்சுக்கொடி வேறு கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு பை ரத்தம் பொருத்தம் பார்த்துத் தயாராக இல்லாமல் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் பி நெகட்டிவ்.

"தம்பி, பதினொன்னு பத்துல இருந்து பதினொன்னு அம்பதுக்குள்ள எடுத்துரணும். பன்னெண்டுக்கு எமகண்டம் வந்துரும். கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க."

சாம்பிள் என் கைக்கு வந்தது 10:05க்கு. குரூப் பார்த்து, ஆன்டிபாடி ஸ்கிரீனிங் போட்டு, கிராஸ் மேட்ச் வைத்தேன். நோயாளியின் சீரத்தையும் பையிலிருந்து எடுத்த சிவப்பணுக்களையும் ஒரே குழாயில் சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். உடம்புக்குள் நடக்கப்போவதை முதலில் கண்ணாடிக்குள் நடத்திப் பார்ப்பது அது. பிறகு மூன்று தடவை கழுவி, கூம்ப்ஸ் சீரம் (செல்மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் செல்களைத் திரளவைக்கும் மருந்து) விட்டுச் சுற்றி, குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். அடியில் சிவப்புப் பொட்டு மாதிரி செல்கள் படிந்திருக்கும். மெல்லச் சாய்க்கும்போது அது புகை கலைவது போலக் கலைந்தால் பொருத்தம். மணல் மணலாகப் பிரிந்தால் கொடுக்கக் கூடாது.

முதல் பை கலைந்தது. இரண்டாவது பை மணலாக நின்றது.

மணி 11:05. கையிருப்பில் பி நெகட்டிவ் அந்த இரண்டு பைதான். ஓ நெகட்டிவ் ஒன்று இருந்தது. அதற்கு மறுபடி முதலிலிருந்து வைத்தால் பன்னிரண்டு ஆகும். பெரியவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒரு பை சரியாத்தான இருக்கு? ஆரம்பிக்கச் சொல்லுங்களேன்" என்றார். முடியாது ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "நீங்க சாமி கும்பிடமாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவன் நான். சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும்போது காந்திமதி அம்மனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் "அப்ப என் நேரத்தை ஏன் மதிக்கல" என்றுதானே கேட்பார்?

ஓ நெகட்டிவ் பொருந்தியது. 12:03க்கு இரண்டு பையும் தியேட்டருக்குப் போனது. குழந்தை பிறந்தது 12:18. பெண் குழந்தை. நஞ்சு எடுக்கும்போது நல்ல ரத்தப்போக்கு, ஒரு பை ஏற்றியிருக்கிறார்கள். இப்போது தாயும் பிள்ளையும் நலம். குழந்தை பி பாசிட்டிவ் என்பதால், பாசிட்டிவ் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடி தாய்க்கு உருவாகாமலிருக்க, சாயங்காலமே ஆன்டி டி ஊசி போட்டாகிவிட்டது. அதற்கு 72 மணி நேரம் இருக்கிறது, ஆனாலும் நான் போனில் இரண்டு தடவை நினைவுபடுத்தினேன்.

மணலாக நின்ற பையையும் விடவில்லை. அதன் செல்களை மட்டும் தனியாகச் சோதித்தேன். டி.சி.டி. (நேரடி கூம்ப்ஸ் சோதனை) பாசிட்டிவ். அந்தப் பையின் செல்கள்மேல் ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டியிருந்திருக்கிறது. தாயின் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. பையை ஒதுக்கிவைத்து எழுதிவிட்டேன்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்றால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

---

லேபர்வார்டு அக்கா | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் பிரசவ வார்டில் 22 வருடம். நஞ்சு கீழே இருக்கிற கேஸில் ரத்தம் இல்லாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தரையெல்லாம் ரத்தம். அந்தப் பெரியவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அவரே பஞ்சாங்கத்தை மடித்துவைத்திருப்பார்.

என் மனதை அறுப்பது வேறு. இந்தக் கேஸில் 39 வாரம் முடிந்திருந்தது, நல்லது. ஆனால் 37 வாரத்திலேயே நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வலியே வராமல் அவ்வளவு முன்னால் எடுத்த பிள்ளைகளில் சிலதுக்கு மூச்சு விட வராது. நுரையீரலில் இருக்கும் நீர் முழுதாக வற்றியிருக்காது. விலா உள்ளே வாங்க வாங்க, முக்கி முக்கி மூச்சு விடும். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும், தாய் இன்னொரு மாடியில் கிடப்பாள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 34 பிரசவம் சிசேரியன், 2019-21இல் 44.9. இந்தியா முழுவதுக்கும் 21.5தான். இத்தனைக்கும் நல்ல நேரம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், காரணங்கள் நிறைய. ஆனால் அறுவைதான் என்று முடிவான பிறகு தேதியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. பிறந்த நேரம் எது? தலை வெளியே வந்ததா, முழு உடம்பும் வந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? முழுதாக வெளியே வந்ததைத்தான் நாங்கள் எழுதுகிறோம். எழுதுவது தியேட்டர்ச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து. அது எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்று எந்தச் சொந்தக்காரரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

---

கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 6:10

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பஞ்சாங்கக் கணிதத்தில் 30 வருடப் பழக்கம் உண்டு. ஒரு விஷயத்தை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

ஞாயிறு எமகண்டம் 12 முதல் 1:30, ராகுகாலம் 4:30 முதல் 6. எல்லாருக்கும் மனப்பாடம். சின்ன வயதில் "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சொல்லிக்கொடுப்பார்கள். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று ராகுகாலம் வரும் வரிசை. ஆனால் காலண்டரில் இருப்பது சூரியன் சரியாக 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. முறைப்படி, அந்த ஊரில் அன்றைய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். ஞாயிறன்று எமகண்டம் ஐந்தாவது பங்கு. அதாவது அது தொடங்குவது உச்சிப்பொழுதில்.

நெல்லையில் உச்சிப்பொழுது எப்போது? நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். நெல்லை இருப்பது ஏறக்குறைய 77.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக 19 நிமிட வித்தியாசம். அதோடு மாசி மாதக் கடைசியில் சூரியன் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 12 நிமிடம் பின்தங்கி ஓடும். இரண்டையும் கூட்டினால் நேற்று நெல்லையில் சூரியன் உச்சிக்கு வந்தது 12:30ஐ ஒட்டி. குழந்தை பிறந்தது 12:18.

அந்தப் பெரியவர் நம்புகிற சாஸ்திரத்தின்படியே அவருடைய பேத்தி எமகண்டத்தில் பிறக்கவில்லை.

---

கறுப்புச்சட்டை | திங்கள், காலை 8:40

ஐயா, உங்கள் கணக்கை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கை அந்தக் குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கொடுத்தால் என்ன நடக்கும்? "நல்லவேளை, தப்பித்தோம்" என்பார்கள். 12:35க்குப் பிறந்த குழந்தையின் கதி என்ன? என் சித்தி மகள் மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே 34 வயது வரை கல்யாணம் தள்ளிப்போனது. அவள் ஒவ்வொரு தடவையும் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையின் தலையில் பிறந்த நிமிடத்தை வைத்துப் பாரம் ஏற்றுவதே தவறு. நிமிடத்தைத் திருத்திக் கொடுப்பது அந்தப் பாரத்துக்கு எடைக்கல் சரிபார்த்துக் கொடுக்கிற மாதிரி.

குருதிக்கூடம், பெரியவரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில், "ஐயா, இந்தக் குழாய்க்கு என் சாமியும் தெரியாது, உங்கள் சாமியும் தெரியாது" என்பதுதான். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தத்தில் வகை இருக்கிறது என்று காட்டும் முன்பு ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றியபோது பலர் செத்தார்கள். அப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் இருப்பார்கள்.

---

சமாதானபுரம் | திங்கள், பகல் 1:15

நான் பாளையங்கோட்டைக்காரி, துணைமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு டியூட்டி விழும், அந்த இரண்டு வாரமும் ஆராதனைக்குப் போக முடியாது. ஆரம்பத்தில் ரொம்பவே உறுத்தும். எங்கள் பாட்டி ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குச் சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார். சனிக்கிழமையே எல்லாம் முடித்துவைத்துவிடுவார்.

என்னைத் தேற்றியது வேதத்திலேயே இருந்தது. ஓய்வுநாளில் ஒரு ஆடு குழியில் விழுந்தால் அதைப் பிடித்துத் தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசு கேட்கிறார். நான் ஃபீடரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே லைனில் உங்கள் ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வசனம் எனக்குச் சாக்குபோக்காக இல்லை. நிஜமாகவே அது என் ஜெபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு சும்மா வரவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராடித்தான் 1890 ஜூன் 10 அன்று வார விடுமுறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கிற நாம் மாற்று விடுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது, ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும் என்று. குருதிக்கூடம், உங்களுக்கு ஒழுங்காகத் தருகிறார்களா?

---

புதுவைக் கடற்கரை | திங்கள், இரவு 9:05

வேலை பார்த்த ஞாயிறு என்றதும் எங்கள் ஊரில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது.

சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து போவதைப் பார்க்க லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761இல் அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்த பார்வை அளவெடுக்க உதவவில்லை. அடுத்த கடப்பு 1769இல். அதற்காக எட்டு வருடம் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து ஒரு கூடம் அமைத்து எல்லாம் தயார். அந்த நாள் 1769 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரம் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. ஊர் திரும்பினால், செத்துப்போனதாகவே முடிவுகட்டி பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காத்திருந்த அந்தக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் உட்கார்ந்து நம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். பிறகு 1825இல் வாரன் என்ற அதிகாரியும் இங்கே ஒருவரைப் பார்த்திருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை (எண்களை எழுத்துகளாக்கி வைத்த பழைய சொற்றொடர்கள்) கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டியிருக்கிறார் அந்த உள்ளூர்க்காரர். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான்.

---

கறுப்புச்சட்டை | திங்கள், இரவு 9:40

அதே கணக்கில் கிரகணம் முடியும் நேரம் 52 நிமிடம் தப்பியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே.

---

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 5:50

சொல்ல வேண்டியதுதான். நானே சொல்கிறேன், 52 நிமிடம் தப்பியது உண்மை. சோழி வைத்துக் கணித்தவரின் கை தவறவில்லை. பழைய வாக்கியங்களின் எண்கள் பல நூற்றாண்டாகத் திருத்தப்படாமல் இருந்ததுதான் காரணம். திருத்த வேண்டும் என்று உள்ளிருந்தே குரல் வந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரே வானத்தைப் பார்த்துச் சரிசெய்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, பழைய கணக்கை மாற்றுங்கள் என்று ஊரோடு வாதாடினார். இன்றும் அந்த வழக்கு முடியவில்லை. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. பதினொரு மாதம்! வானத்தில் இருப்பது ஒரே சனிதான்.

கறுப்புச்சட்டை தம்பி, உங்கள் சித்தி மகளின் கதையைப் படித்த பிறகு நேற்று ராத்திரி ஜாதகம் எதையும் நான் எடுக்கவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தக் கணக்கைக் கொண்டு ஒரு பெண்ணை உட்காரவைப்பதற்கு நான் உடன்பட்டதில்லை. ஆனால் கேட்டு வந்தவர்களுக்கு நட்சத்திரத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன். அது வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்று போய்ப் பார்த்ததில்லை.

---

குருதிக்கூடம் | சனி, இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. வார நாளில் எழுத நேரம் கிடைக்கவில்லை. (சமாதானபுரம் அக்கா, வியாழக்கிழமை விடுப்பு கொடுத்தார்கள்.)

இன்று டிஸ்சார்ஜ். பெரியவர் மகனைக் கூட்டிக்கொண்டு ரத்த வங்கிக்கு வந்தார். பயன்படுத்திய பைக்குப் பதிலாகத் தானே ரத்தம் கொடுக்கிறேன் என்றார். வயது 71. அறுபத்தைந்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. மகன் கொடுத்தார், ஏ பாசிட்டிவ். பை ஆடி நிரம்புவதைப் பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அவராகவே கேட்டார், "அன்னிக்கு அந்த இன்னொரு பைய ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி?" ஒதுக்கிவைத்த குழாயின் படம் என் போனில் இருந்தது. காட்டினேன். கலையாமல் நின்ற சிவப்பு மணலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம், ஆனால் தெரியாமல் ஒரு தாய்க்கு ஏற்ற முடியாது ஐயா என்றேன். தலையை ஆட்டினார்.

வாத்தியார் ஐயாவின் கணக்கை நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கறுப்புச்சட்டை எழுதியதுதான் தடுத்தது. அதற்குப் பதிலாக, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "நானும் கும்பிடுறவன்தான் ஐயா. மெஷின் சுத்தையில அம்மனத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஆனா கொழாயச் சாய்ச்சுப் பாக்கையில கண்ணு அதுல மட்டுந்தான் இருக்கணும்." அவர் ஒன்றும் பேசவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். போகும்போது பேத்திக்குக் காந்திமதி என்று பேர் வைக்கப்போவதாகச் சொன்னார்.

லேபர்வார்டு அக்கா, நீங்கள் சொன்னதும் தியேட்டர்க் கடிகாரத்தை என் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறு நிமிடம் முன்னால் ஓடுகிறது. பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழந்தைக்காகச் சொல்லவில்லை, மயக்க மருந்து கொடுத்த நேரமும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது.

நாளையும் எனக்கு ஞாயிறு டியூட்டி. பி நெகட்டிவ் ஒரு பைகூட இல்லை. நெல்லை, பாளை, தூத்துக்குடிப் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆண்கள் என்றால் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் என்றால் 120 நாள் ஆகியிருக்க வேண்டும்.

---

தாமிரபரணிக்கரை | சனி, இரவு 8:52

இந்த இழையை வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன், இதுதான் என் முதல் பதிவு. நான் பி நெகட்டிவ், ஆண், வயது 29. கடைசியாகக் கொடுத்தது போன நவம்பரில். வீடு மேலப்பாளையம். நோன்பு இல்லாத நாள்தான், காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

---

குருதிக்கூடம் | சனி, இரவு 8:55

சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தண்ணீரும் நிறையக் குடியுங்கள். எட்டரைக்கு மேல் எப்போது வந்தாலும் சரி, நான் இருப்பேன்.